கான் வெட்டினால்தான் கிரவல் ரோட்டு

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்து ரோட்டுகள் காலை எட்டு மணிக்கு மேல் வெறிச்சென்று கிடக்கும். பால்வெட்டுக்காரர்கள் விடியலிலேயே இறப்பர் மலைக்குள் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு வருகிற லொறி, எப்போதாவது முக்கி முனகி ஏறி வருகிற ஒரு த்ரீவீல், அவ்வளவுதான் வண்டிச் சத்தம். ஐரோப்பாவில் இப்படி ஒரு ரோட்டைத் தேடி ஆட்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போகிறார்கள். தார் போடாத, வாகனம் வராத, நாட்டுப்புறத்துக்குள் வளைந்து வளைந்து போகும் கிரவல் பாதையில் நாள்கணக்காகச் சைக்கிள் மிதிப்பது அங்கே தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. 2022 இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் கிரவல் சைக்கிளோட்டத்துக்கென்றே முதலாவது உலக சம்பியன்ஷிப் நடந்தது. பிரான்சில் போட்டி, பதக்கம் என்ற பேச்சில்லாமல் குடும்பம் குடும்பமாக ஓட்டுகிறார்கள்.

அந்தச் சைக்கிள்காரர்களைச் சப்ரகமுவவுக்கு வரவழைக்கலாம், வரவழைக்கவும் வேண்டும். பாதை வெட்டிக் கிடக்கிறது, நிழல் இருக்கிறது, மலை இருக்கிறது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதை இன்னும் பாதையாக இருப்பதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தால், எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடம்பெறாத ஒரு வேலையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ரோட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை அது. அதைச் சொல்லாமல் கிரவல் சைக்கிளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிரான்சின் நாட்டுப்புறத்தில் இந்தச் சைக்கிளோட்டம் வேர் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கைவிடப்பட்ட ரயில் பாதைகள். போன நூற்றாண்டில் அங்கே கிளை ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு மேடு மட்டும் மிஞ்சியது. பேர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து குளுனி வரை அப்படிக் கிடந்த ஒரு பாதையை 1997 இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று திறந்துவிட்டார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே ரயில் போன வழியில் சைக்கிளும் மூச்சு வாங்காமல் போகும். அது பிடித்துப்போக, ஊருக்கு ஊர் அதையே செய்தார்கள். 2004 இல் பிரெஞ்சு வீதிச் சட்டத்திலேயே மோட்டார் வண்டி நுழையக்கூடாத 'பசுமைப் பாதை' என்று ஒரு தனி வகை சேர்க்கப்பட்டது. பழைய கால்வாய்க் கரைகளும் இதில் சேர்ந்தன. நாந்த் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை போகும் கால்வாயின் ஓரத்தில் மட்டும் ஏறத்தாழ 360 கிலோமீற்றர் இருக்கிறது.

இரண்டாவது காரணம் சட்டத்தில் இருக்கிறது. வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே போகும் நாட்டுப்புற மண் பாதைகள் அங்கே ஊர்ச் சபையின் சொத்து. பொதுமக்கள் நடமாடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பக்கத்து நிலம் எத்தனை பெரிய முதலாளியுடையதாக இருந்தாலும், அவர் இஷ்டத்துக்குக் கேற் போட்டுப் பாதையை மறிக்க முடியாது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் காரணத்துக்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது.

களனிவெளி ரயில் அவிசாவளையோடு முடிகிறது என்றுதான் இன்றைய இளம் ஆட்களுக்குத் தெரியும். அந்த ரயிலைக் கேட்டு மன்றாடியவர்கள் களனிப் பள்ளத்தாக்கின் தோட்டத் துரைமார். தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்குப் போகவேண்டியிருந்தது. செலவைக் குறைப்பதற்காக 762 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒடுக்கமான தண்டவாளம் போட்டார்கள். ரயில் 1902 இல் அவிசாவளைக்கு வந்தது. அடுத்த வருடம் தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக எட்டியாந்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கிளை எஹலியகொடை, குருவிட்ட வழியாக 1912 இல் இரத்தினபுரியைத் தொட்டது. 1919 இல் ஓபநாயக்க வரை நீண்டது. மலையடிவாரத்தை ஒட்டி, ஆற்றைத் தொட்டும் விலகியும், இறப்பர் நிழலுக்குள்ளே ஓடிய ரயில் அது.

பிறகு வந்தவழியே சுருங்கிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல், யுத்த காலத்தில் மூடப்பட்டது. ஓபநாயக்கவுக்கும் இரத்தினபுரிக்கும் இடைப்பட்ட பகுதி 1973 இல் நின்றது. 1976 இல் இரத்தினபுரிக்கும் ரயில் இல்லாமல் போனது. 1990களில் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை அகலத் தண்டவாளம் போட்டார்கள். அதற்கு அப்பால் எதுவும் நடக்கவில்லை. இரத்தினபுரிக்கு மறுபடியும் ரயில் விடும் பேச்சு மட்டும் அவ்வப்போது எழும்பி அடங்கும்.

ஜிவ்ரியிலும் குளுனியிலும் செய்ததை நாங்கள் 1976 இலேயே செய்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். அன்றைக்கு இந்த நாட்டில் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது; ரயில் மேட்டைச் சைக்கிளுக்கு வைப்போம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த மேட்டின் மேல் இப்போது பல இடங்களில் வீடு, கடை, ஊர் ரோட்டு எல்லாம் வந்துவிட்டன. வீடு கட்டியிருப்பவர்களை எழுப்பிவிட்டுச் சைக்கிள் பாதை போடுங்கள் என்று எழுத என் கை வராது. ஆங்காங்கே மிஞ்சிய துண்டுகள், பழைய பாலத்துத் தூண்கள், மலையைக் குடைந்து வெட்டிய இடங்கள் உண்டு. அவற்றையாவது அளந்து குறித்து வைக்கலாம்.

ரயில் மேடு போனாலும், ரயிலுக்குத் தேயிலையும் இறப்பரும் இறக்கிய ரோட்டுகள் போகவில்லை. நம்முடைய பாதை அதுதான். சப்ரகமுவத் தோட்டங்களில் ஸ்டோரிலிருந்து டிவிசனுக்கு, டிவிசனிலிருந்து மேல் மலைக்கு, மேல் மலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் ரோட்டுகள் முதலில் மாட்டு வண்டிக்காக வெட்டப்பட்டவை. பாரம் ஏற்றிய மாடு மூச்சுத் திணறாமல் ஏற வேண்டும், இறங்கும்போது வண்டி மாட்டை இடித்துத் தள்ளக்கூடாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து மலையைச் சுற்றிச் சுற்றிச் சரிவைக் குறைத்து வெட்டினார்கள். சைக்கிளுக்கு வேண்டியதும் அதே சரிவுதான். அலவாங்கும் மண்வெட்டியும் பிடித்து அதை வெட்டியவர்கள் எங்கள் பூட்டன் பூட்டிமார். சரிவு பார்த்துக் கயிறு பிடித்தவனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயர் முழுக்கத் துரைக்கே போயிற்று.

எங்கே ஓட்டலாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, தெரணியகலைப் பக்கம் இறப்பரும் தேயிலையும் மாறி மாறி வரும். ஏற்றம் உண்டு, நிழலும் உண்டு, கீழே களனி கங்கையின் கிளையாறுகள் ஓடும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பக்கமே தோது. பலாங்கொடைக்கு மேலே ராசகலைப் பக்கம் காற்று குளிர்ந்துவிடும். இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறுகிற மலைகளில் சிங்கராஜக் காட்டின் கிழக்கு முகம் தெரியும். நெஞ்சுரமுள்ளவர்களுக்குப் பெலிஹுல்ஓயாவிலிருந்து நன்பெரியல் தோட்டத்து வழி இருக்கிறது. உலக முடிவு என்று ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறார்களே, அந்தச் செங்குத்துக்குக் கீழே கிடக்கும் தேயிலை மலைகள் அவை. கல் துருத்திய ரோட்டு. ஜீப்புக்காரரே பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாற்பது, ஐம்பது மில்லிமீற்றர் அகலமுள்ள டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தது, டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு இலகுவான கியர் இருந்தால் போதும். கொழும்பில் கைமாறி வருகிற பழைய மவுண்டன் சைக்கிளே இந்த ரோட்டுக்குத் தாராளம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். குளவிக்கு மருந்து கிடையாது. கொழுந்து மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டமாகக் கத்திக்கொண்டு, மரத்தில் கல்லெறிந்து விளையாடிக்கொண்டு போகிறவர்கள் தங்களை மட்டுமல்ல, மலையில் நிற்கும் பெண்களையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

தோட்டத்துப் பாதையைத் தேடி உலகம் வருமா என்ற சந்தேகம் இனி வேண்டியதில்லை. பெரும்பாலும் மத்திய, ஊவா மாகாண மலைகளில், பழைய தேயிலைத் தோட்டத்துப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளத்தில் 22 கட்டங்களாக வகுத்த பெக்கோ நடைபாதை இப்போது வெளிநாட்டுப் பயணிகளின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஹற்றனுக்கும் எல்லவுக்கும் பெயர் கிடைத்தது. சப்ரகமுவத் தோட்டங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தாழ்நிலத் தேயிலை, வெக்கை, மழை, அட்டை என்று ஒதுக்கிவிட்டார்கள். கித்துல்கலைக்கு ஆற்றில் படகு விடப் பயணிகள் வருகிறார்கள். ஆற்றிலிருந்து ஏறி மலைக்குள் அவர்கள் போவதில்லை.

இனி மழைக்கு வருகிறேன். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டிய மழை. இந்த மழையில் ஒரு கிரவல் ரோட்டு நூறு வருடத்துக்கு மேல் எப்படி நின்றது? பிரான்சில் பெய்கிற மழை இதில் கால்வாசிக்குப் பக்கம்தான் வரும். அங்கே கிரவல் பாதை பிழைப்பதில் ஆச்சரியம் இல்லை. இங்கே அது பிழைத்ததற்குக் காரணம் தண்ணீரை ரோட்டில் ஓடவிடாததுதான். ரோட்டின் நடு முதுகு சற்றே உயர்ந்திருக்கும். விழுந்த தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். மலைப்பக்க ஓரத்தில் கான் இருக்கும். மேலேயிருந்து இறங்கும் தண்ணீரை அது ஏந்திக்கொள்ளும். கானில் சேர்ந்த தண்ணீர் வேகம் பிடிப்பதற்குள், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு மதகு வழியாக ரோட்டுக்குக் கீழே கடந்து, கல் பதித்த இறக்கத்தில் ஓடைக்குப் போய்விடும். தேயிலை மலைக்குள்ளேயும் அப்படித்தான். சரிவுக்குக் குறுக்கே சின்னக் கான்கள், அவை வந்து விழ ஒரு பெரிய கான், கானுக்குள்ளே மண் தங்குவதற்குக் குழிகள். கீழே ரோட்டில் நிற்பவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

இதில் ஒரு கான் அடைபட்டால் போதும். தண்ணீர் ரோட்டுக்கு ஏறும். சக்கரம் போன தடத்தில் இறங்கி ஓடும். முதல் மழையில் விரல் ஆழத்துக்குக் கோடு கிழிக்கும், இரண்டாம் மழையில் முழங்கால் ஆழம், மூன்றாவதில் கிரவல் முழுக்கக் கரைந்து, அடியிலிருக்கும் உருண்டைக் கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் சைக்கிளும் போகாது, த்ரீவீலும் போகாது, பிரசவ வலி எடுத்தவளை ஏற்றிய ட்ரெக்டரும் போகாது. நன்பெரியல் வழியைப் போன்ற ரோட்டைப் படம் பிடித்துப் 'பரபரப்பான கரடுமுரடு' என்று எழுதுகிறார்களே, அதில் பாதி அடைபட்ட கான் செய்த வேலை.

கான் எதனால் அடைபடுகிறது என்பதிலும் சப்ரகமுவவுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. இறப்பர் மரம் தை, மாசியில் இலை உதிர்க்கும். மலை முழுக்க இலை. காற்று அதைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கும் பள்ளம் கான்தான். ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவாக இருப்பதால் அந்த இலை காய்ந்து அப்படியே நிரம்பிக் கிடக்கும். ஒரு தொந்தரவும் தெரியாது. சித்திரை பிறக்கும் முன்னே பின்னேரத்து இடிமழை தொடங்கிவிடும். மேயில் தென்மேல் பருவ மழை. இலை நிரம்பிய கான் முதல் இடிமழையிலேயே திணறிப்போகும். ஆக, கானைத் துப்புரவாக்க வேண்டிய மாதம் பெப்ரவரி, பிந்தினால் மார்ச். சைக்கிள் ஓட்டத் தோதான மாதங்களும் அவையேதான். ரோட்டு காய்ந்திருக்கும், மரம் இலை உதிர்த்து வெளிச்சம் விழும், சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அப்போது நடக்கும். பயணிகள் பணத்தோடு வருகிற மாதத்திலேயே கானுக்குக் கூலி கொடுக்க வேண்டிய தேவையும் வருகிறது. இத்தனை பொருத்தமாக இரண்டு காரியங்கள் கூடி வருவது அபூர்வம். அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய பிழை.

முன்பெல்லாம் பிரட்டுக் கலைத்ததும் கொழுந்துக்கு இவ்வளவு பேர், கவ்வாத்துக்கு இவ்வளவு பேர் என்று பிரிப்பது போலவே, ரோட்டுக்கும் கானுக்கும் என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். பெரும்பாலும் ஆண்கள். எந்த மதகில் எந்த மழைக்கு என்ன சேரும், எந்த வளைவில் தண்ணீர் ஏமாற்றிக்கொண்டு வெளியே பாயும் என்று கையாலேயே தெரிந்து வைத்திருந்தவர்கள். வயதானவர்கள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். மிஞ்சிய ஆட்களைக் கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் அனுப்பினாலே போதவில்லை. வருமானம் தராத கானுக்கு யாரை அனுப்புவது? அந்த வேலை கொந்தரப்புக்குப் போயிற்று. பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு பெரியவர்கள் யாராவது வரும்போது மட்டும் என்றானது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபா என்று வந்தது. அந்தக் கூலிக்கு ஒரு நாள் முழுக்கக் கானில் குனிந்து நிற்கும் ஆளை, அதைவிட ஊரில் கூலி வேலைக்குப் போனால் கூட வரும் என்று தெரிந்த ஆளை, யாரும் பிடித்து வைக்க முடியவில்லை.

ரோட்டு கெட்டால் ஆளை நடக்க வைக்கும். சரிவு கெட்டால் ஆளையே எடுத்துக்கொள்ளும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அடுத்த வருடமும் அதே மே மாதத்தில் இரத்தினபுரியில் வெள்ளமும் சரிவும். 2025 நவம்பர் முடிவில் டிட்வா புயல் மலைநாடு முழுக்கக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தனை மழை ஒரே நாளில் கொட்டும்போது கானைத் துப்புரவாக்கி மலையை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சரிவின் கல், மண், வெட்டு, மரம் எல்லாம் அதில் பங்கு எடுக்கின்றன. ஆனால் மேலே கான் உடைந்து, வழி தெரியாத தண்ணீர் நாள்கணக்காகச் சரிவுக்குள் ஊறுவது ஆபத்தைக் கூட்டும் என்பது லயத்தில் வாழும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை நாளில் மேல் கானைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ரோட்டைப் பார்க்க வேண்டியவர் யார்? பிரான்சின் இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை 53 வருடம். ரோட்டு அந்தக் குத்தகைக்குள் அடங்கிய காணியில் ஓடுகிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், தோட்டத்துக்குள்ளே இருக்கும் மக்களுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட வழி இருக்கவில்லை. வாக்குப் போடலாம், ரோட்டுப் போடச் சொல்ல முடியாது. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், கதவு திறந்தது. ஆனாலும் எந்த ரோட்டு சபையின் பொறுப்பு, எது தோட்டத்தின் பொறுப்பு என்ற கேள்வி மலைக்கு மலை இழுபடுகிறது. கேற்றுக்கு வெளியே தார் ரோட்டு, கேற்றுக்குள்ளே கல் என்று ஒரே வழியில் காணலாம்.

வெளிநாட்டுச் சைக்கிள்காரர் 'வாகனம் வராத ரோட்டு' என்று கேட்டால் அவருக்கு அது பெரிய வரம். நமக்கோ பஸ் வராத ரோட்டு என்று அதற்குப் பெயர். ஆகவே லயத்து மக்கள் கொங்கிரீட் ரோட்டுக் கேட்டால், ஐயோ கிரவல் அழகு போகிறதே என்று யாரும் குறுக்கே நிற்கக்கூடாது. அப்படி நிற்கிற சைக்கிள் நமக்கு வேண்டவே வேண்டாம். செங்குத்தான வளைவுக்கும் லயத்து வாசலுக்கும் கொங்கிரீட் கட்டாயம் வேண்டும். என் பயம் வேறு. பல இடங்களில் கொங்கிரீட் போடுகிறார்கள், கான் வெட்டுவதில்லை. தண்ணீர் கொங்கிரீட்டின் இரண்டு ஓரத்தையும் அரித்து அடியிலே புகுந்து, இரண்டு மாரிக்குள் கொங்கிரீட் பாளம் அந்தரத்தில் தொங்குகிறது. திறப்பு விழாப் படத்தில் கொங்கிரீட் வரும், கான் வராது. ஒரு கிலோமீற்றர் கொங்கிரீட்டுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு சின்னப் பங்கை வருடா வருடம் கானுக்குக் கொடுத்தால், மிச்சக் கிரவல் ரோட்டு முழுதும் த்ரீவீல் ஏறும் நிலையில் நிற்கும்.

வெளியாரை உள்ளே விட்டால் இறப்பர் பால் களவு போகும், யாராவது விழுந்து கையை காலை முறித்தால் யார் பொறுப்பு என்று தோட்ட நிர்வாகங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான், பதிவுப் புத்தகமும் வழிகாட்டியும் இருந்தால் தீரக்கூடியதுதான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லயத்து மக்களின் மனம். சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. ஒரு மலை தோட்டம், அடுத்த சரிவு சிங்களக் கிராமம், அதற்கடுத்து மறுபடி லயம். ஒரே ரோட்டை இரண்டு பகுதியும் நடந்து தேய்க்கின்றன. கலியாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகின்றன. அதே ரோட்டில் 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் 1983 இலும் என்ன வந்தது என்பதை இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறப்பர் காட்டில் இரவைக் கழித்தவர்கள், அப்படியே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டவர்கள் உண்டு. முன்பின் தெரியாத ஆட்கள் கூட்டமாக, பொழுது சாய்ந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் லயத்து வாசலைக் கடப்பதற்கும் பட்டப்பகலில் ஊர்ப் பையனோ பிள்ளையோ முன்னால் ஓட்டிக்கொண்டு வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வழிகாட்டி தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். நிரையில் கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவள் வேலை செய்கிறாள். நின்று சிரித்தால் நிறை குறையும், நிறை குறைந்தால் சம்பளம் குறையும்.

இன்னொன்று. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டி நாம் பார்ப்பது குறைவு. ஏற்றம் என்கிறார்கள், ரோட்டு சரியில்லை என்கிறார்கள், சைக்கிள் வாங்கக் காசில்லை என்கிறார்கள், மூன்றும் உண்மை. ஐந்து கிலோமீற்றர் இறக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோவதற்கு அந்த ஐந்து கிலோமீற்றரும் ஒரு காரணம். கானும் ரோட்டும் சரியாக இருந்தால், இன்றைய இலகு கியர் சைக்கிளில் அந்தத் தூரம் பெரிய தூரமல்ல. பயணிகளுக்கு வாடகைக்கு விட வாங்குகிற சைக்கிள்கள் மழை மாதங்களில் சும்மாதான் கிடக்கும். பாடசாலைத் தவணை நாட்களில் அவை பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். சங்கிலி மாற்ற, பிரேக் கட்ட, பங்ச்சர் ஒட்ட இரண்டு இளம் ஆட்களைப் பழக்கினால் அதுவும் ஒரு தொழில்.

எங்கே தொடங்கலாம்? எட்டியாந்தோட்டைப் பக்கம் தொடங்கலாம் என்பது என் எண்ணம். பழைய ரயில் முடிந்த ஊர், கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு காலைக்குள் வந்துவிடலாம், ரோட்டுகள் பல தோட்டங்களுக்கு ஊடாகப் பின்னிக் கிடக்கின்றன, பெரிய ஏற்றம் இல்லாத சுற்றுகளும் உண்டு. ஒரே ஒரு டிவிசனின் ரோட்டை முதலில் எடுக்க வேண்டும். ஜனவரியில் கானும் மதகும் எத்தனை, எது அடைபட்டது, எது உடைந்தது என்று பழைய ரோட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து எழுத வேண்டும். அவர்களுக்குக் கூலி அன்றே கொடுக்க வேண்டும். பெப்ரவரியில் சனி, ஞாயிறு மட்டும் சைக்கிளை விட வேண்டும். கொழுந்து லொறி போகும் நேரத்தில் அல்ல. ஓட்டுகிறவர் ஒவ்வொருவரிடமும் கேற்றில் வாங்குகிற பணத்தில் முதல் பங்கு கானுக்கு. தேத்தண்ணிக் கடைக்கும் வழிகாட்டிக்கும் உரியது தனி. வரைபடம் போடுகிறவர்கள் நீர்வீழ்ச்சியையும் பங்களாவையும் மட்டும் குறிக்காமல், லயங்களை அவற்றின் டிவிசன் பெயரோடு குறிக்க வேண்டும்.

ஏப்ரல் இடிமழை தொடங்கியதும் சைக்கிளை நிறுத்திவிட வேண்டும். ஈரக் கிரவலில் ஓட்டினால் சக்கரத் தடமே தண்ணீருக்கு வழி காட்டும். சித்திரை வருடப்பிறப்புக்கு முன், எவ்வளவு பணம் வந்தது, எந்தக் கானுக்கு எத்தனை ஆள் நாள் போனது, எந்த மதகு இன்னும் கட்டப்படவில்லை என்ற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். கட்டப்படாத மதகு எதற்கு நேர் கீழே லயம் இருக்கிறதோ, அதுவே மே மாதத்துக்கு முன் கட்டப்பட வேண்டிய முதல் மதகு.